தெருமுனையில் தைக்கக்கூடிய பை

சென்னையில் இருந்துகொண்டு ஒரு நாள் மலை நடைக்குப் பை தேடுகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது தண்ணீரைப் பற்றித்தான். நாகலாபுரம், தடா, குடியம், செஞ்சி, பருவதமலை என்று விடியற்காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய இடங்கள் எல்லாமே பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும் இடங்கள். தை மாதத்திலும் மதியப் பாறை சுடும். ஆளுக்கு மூன்று லிட்டர் இல்லாமல் நான் கிளம்புவதில்லை. மூன்று லிட்டர் என்றால் மூன்று கிலோ. எவர்சில்வர் பாட்டில் என்றால் பாட்டிலின் கனமும் சேர்ந்து நான்கைத் தொடும். சோறு, துண்டு, மாற்றுடை, டார்ச், மருந்துப் பொட்டலம் எல்லாம் சேர்ந்தாலும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது. ஆக, நம் ஊரில் ஒரு நாள் நடைக்கான பை என்பது அடிப்படையில் தண்ணீர் சுமக்கும் பை. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் யோசனைகளைப் படிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது. அவர்கள் பையில் பாதி இடம் கம்பளிச் சட்டைக்குப் போகும். கம்பளி அமுங்கிக் கொடுக்கும், தண்ணீர் அமுங்காது.

அந்தத் தண்ணீரைச் சுமக்க நான் சில வருடங்களாகப் பழைய பாணிக் கேன்வாஸ் பையைத்தான் வைத்திருக்கிறேன். வாயைக் கயிற்றால் சுருக்கி, மேலே மூடியைக் கவிழ்த்து, இரண்டு வார்களைப் பக்கிளில் மாட்டி இறுக்கும் வகை. உள்ளே ஒரே அறை. முன்னால் ஒரு பாக்கெட், அதற்கும் ஒரு மூடி. ஜிப் எங்கேயும் கிடையாது. என்.சி.சி. முகாமுக்குப் போனவர்களுக்கும், ராணுவத்தில் அண்ணனோ மாமாவோ இருந்த வீட்டுக்காரர்களுக்கும் 'பிட்டு' என்று சொல்லப்படும் பை ஞாபகம் வரலாம். அந்த வகையறாதான், அளவில் சிறியது. இப்போது கல்லூரிப் பிள்ளைகளும் அலுவலகம் போகிறவர்களும் இதை அழகுக்காக மாட்டிக்கொள்கிறார்கள். அழகு உண்டு, எனக்கும் பிடிக்கும். ஆனால் நான் இதைவிட்டு மாறாமல் இருப்பதற்குக் காரணம் வேறு. இதில் எது கிழிந்தாலும், எது அறுந்தாலும், எங்கள் தெருமுனையில் குடைக்கு அடியில் உட்கார்ந்து செருப்புத் தைக்கிறவர் சரிசெய்துவிடுவார். கடையில் ஒரு பையைக் கையில் எடுத்ததும் எனக்கு வரும் முதல் கேள்வி அதுதான்: இதை அவரால் தைக்க முடியுமா?

அவரிடம் இருப்பவை குத்தூசி, மெழுகு தேய்த்த நூல், சுத்தியல், ஒரு டப்பா நிறைய ரிவிட்டும் ஐலெட்டும் பழைய பக்கிள்களும். கேன்வாஸும் தோலும் இந்தக் கருவிகளுக்கு நன்றாகப் பிடிகொடுக்கும். ஒருமுறை தோழி ஒருத்தியின் பையை அவரிடம் கொண்டுபோனேன். நல்ல விலை கொடுத்து வாங்கிய நைலான் பை. தோள் நாடா பிய்ந்திருந்தது. அதன் அடிமுனை முதுகுப்பக்க நுரைப் பலகைக்குள் எங்கேயோ போய்ப் புதைந்திருந்தது. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதப் பிரிச்சா திரும்ப மூட முடியாதும்மா. வாங்கின கடைலயே குடுத்து மாத்திக்கோங்க."

வாங்கின கடையில் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். மற்றபடி ஒரு குறையும் இல்லாத அந்தப் பை பரணுக்குப் போய்விட்டது. என் பையிலும் தோள் நாடா ஒருநாள் துணியோடு பிய்த்துக்கொண்டு வந்தது. அதே மனிதர் உள்பக்கம் ஒரு தோல் துண்டைக் கொடுத்து, நாடாவை அதன்மேல் வைத்து, சுற்றிலும் கட்டமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போட்டு, மூலைக்கு ஒன்றாக ரிவிட் அடித்துக் கொடுத்தார். பையில் இப்போது அதுதான் இருப்பதிலேயே கெட்டியான இடம்.

செருப்புத் தொழிலுக்கும் இந்தப் பைக்கும் உள்ள உறவு பழையது. 1882-இல் அமெரிக்காவின் டுலூத் நகரத்தில் கமில் பொய்ரியே என்பவர் ஒரு கேன்வாஸ் பைக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் அங்கே செருப்புக் கடை வைத்திருந்தவர். தோள்வார், பக்கிள் போட்ட மூடி, நெற்றியில் மாட்டிச் சுமக்க ஒரு பட்டை, குடை செருகிக்கொள்ள ஓர் இடம், எல்லாம் அதில் இருந்தன. (குடைக்கு இடம் வைத்த அந்த யோசனையை ஏன் எல்லாரும் கைவிட்டார்கள் என்று எனக்கு இன்னும் ஆதங்கம். நம் வெயிலுக்குக் குடையைவிட நல்ல தொப்பி கிடையாது.) அப்புறம் நார்வேயில் ஓலே பெர்கன் முதுகின் வளைவுக்கு ஏற்ற சட்டகம் ஒன்றைப் பையோடு சேர்த்து 1909-இல் காப்புரிமை பெற்றார். பெரிய சுமை தூக்குகிறவர்களுக்கு அது பெரிய விடுதலை. ஐந்தாறு கிலோ சுமையோடு மாலையில் திரும்பிவிடும் நமக்குச் சட்டகம் வேண்டாம். சட்டகம் இல்லாத, அடியில் கொஞ்சம் அகன்று மேலே குறுகும் சாதாரணப் பை போதும்.

சரி, துணிக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் சென்னையில் பையைக் கொல்வது மலையோ பாறையோ இல்லை, பீரோதான்.

இன்றைய நைலான், பாலியெஸ்டர் பைகளில் பெரும்பாலானவற்றுக்கு உள்பக்கம் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது அதுதான். அந்தப் பூச்சுக்கு எதிரி ஈரக்காற்றும் சூடும். காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல அதன் மூலக்கூறுகளை உடைத்துவிடும். முதலில் ஒரு புளித்த வாடை வரும், பிறகு தொட்டால் பிசுபிசுக்கும், கடைசியில் வெள்ளை வெள்ளையாக உதிரும். நடந்து தேய்ந்தால்தான் இது வரும் என்று நினைக்காதீர்கள். மடித்து வைத்த பைக்கும் வரும். வாங்கிப் பெட்டியிலேயே வைத்திருந்த ஷூவின் அடிப்பாகம் ஒருநாள் போட்டதும் கட்டி கட்டியாகப் பெயர்ந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் பாலியூரித்தேன்தான், அதே நோய்தான். வருடம் முழுக்கக் கடற்காற்றில் நனைந்துகொண்டிருக்கும் ஊரில் இந்தப் பூச்சுக்கு ஆயுள் குறைவு. உதிர ஆரம்பித்துவிட்டால் அதைச் சரிசெய்வது லேசில்லை.

பூச்சில்லாத பருத்திக் கேன்வாஸுக்கு இந்தப் பயம் இல்லை. நெருக்கமாக நெய்த கேன்வாஸ் நனைந்தால் இழைகள் ஊதி நெசவின் கண்கள் அடைபடும். சிறு தூறலுக்கு அதுவே பாதுகாப்பு. நனைந்த பருத்திக்கு வலுவும் கூடும், குறையாது. ஆனால் நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும், துணி கனமாக இருக்க வேண்டும். தார்ப்பாய் விற்கும் கடைகளில் ஜி.எஸ்.எம். கணக்கில், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று சொல்வார்கள், வெளிநாட்டுப் பைகளில் சதுர கஜத்துக்கு எத்தனை அவுன்ஸ் என்ற கணக்கு இருக்கும். 12 அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 400 ஜி.எஸ்.எம்., 16 அவுன்ஸ் என்றால் 540. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்குக் கீழே போனால் நிமிர்ந்து நிற்காமல் தொளதொளவென்று தொங்கும், பாட்டில் முதுகில் இடிக்கும். அதற்கு மேலே போனால் வெறும் பையே சுமையாகிவிடும்.

எடை எழுதாத பையாக இருந்தால் கையால்தான் பார்க்க வேண்டும். எங்கள் தெருமுனைக்காரர் பெரம்பூரில் வளர்ந்தவர். என் பையை முதல்முறை தொட்டதும், "பின்னி காக்கி மாதிரி இருக்கேம்மா" என்றார். பின்னி நிறுவனத்தின் பெரம்பூர் பி அண்ட் சி மில் 1996-இல் மூடப்பட்டது. அதன் காக்கித் துணி ராணுவத்துக்கும் போலீஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனது. அந்தத் துணியை உடுத்தி வளர்ந்தவர்களுக்கு இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாலே நெசவு புரிந்துவிடுகிறது. எனக்கு அந்தத் தேர்ச்சி இல்லை என்பதால், பையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே தலையை விட்டுப் பார்ப்பேன். ஊசிமுனை ஊசிமுனையாக வெளிச்சம் தெரிந்தால் திருப்பி வைத்துவிடுவேன்.

இன்னொன்று, கேன்வாஸ் மாதிரித் தெரியும் எல்லாம் கேன்வாஸ் ஆகாது. மேலே கரடுமுரடாகத் தெரியும்படி நெய்த பாலியெஸ்டர், தோல் வாருக்குப் பதில் ரெக்சின், பார்க்கப் பக்கிள் ஆனால் அடியில் காந்தப் பொத்தான். இந்த மூன்றும் சேர்ந்த பைகள் பாரிமுனையிலும் தி.நகரிலும் நிறையத் தொங்குகின்றன. கல்லூரிக்கு மாட்டிக்கொண்டு போகட்டும், தவறில்லை. மலைக்கு வேண்டாம். ரெக்சின் ஒரு கோடையில் உரியும்; காந்தப் பொத்தான் பை நிறைந்திருக்கும்போது சற்றுக் குனிந்தாலே திறந்துகொள்ளும். உள்தையலில் பிசிறு நூல் ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கும். துணியிலிருந்து வந்த இழையாகப் பார்த்து ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணியாகச் சுருளும். ஆனால் தையல் நூல் மட்டும் பாலியெஸ்டராக இருப்பதே நல்லது. பருத்தி நூல் ஈரத்தில் மக்கிவிடும், துணி நன்றாக இருக்கும்போதே தையல் விட்டுக்கொடுத்துவிடும்.

கேன்வாஸின் அருமை எனக்கு உறைத்த இடம் குடியம். பூண்டி ஏரிக்கு அப்பால், சென்னையிலிருந்து அறுபது கிலோமீட்டர் சொச்சம். குடியம் கிராமத்திலிருந்து குகைக்குப் போகும் வழி முழுக்கக் கூழாங்கல்லும் முள்காடும்தான். காரை முள் நேராகக் குத்தும். சூரை முள் கொக்கியாக வளைந்திருக்கும், மாட்டினால் பின்னால் போய்த்தான் விடுவித்துக்கொள்ள வேண்டும். கூட வந்தவர்களின் பைகளில் பக்கவாட்டு வலைப் பாக்கெட்டுகள் முதல் புதரிலேயே கிழிந்தன. மெல்லிய நைலானில் முள் ஏறினால் கோடாக ஓடுகிறது. கேன்வாஸில் முள் குத்தும், வெளியே வரும், இழைகள் மறுபடி கூடிக்கொள்ளும். என் பையின் வலப்பக்கம் முழுக்க அன்றைய கீறல்கள் உண்டு, ஒரு ஓட்டை கிடையாது. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' மலைநடைத் திட்டத்தில் உள்ள 40 பாதைகளில் இதுவும் ஒன்று என்பதால் இப்போது முன்பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம். பை சம்பந்தமாகவே ஒரு வேண்டுகோள்: அங்கே கிடக்கும் கற்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். 1863-இல் பல்லாவரத்தில் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கோடரியின் காலத்தைச் சேர்ந்த மனிதர்கள் இந்தப் பக்கம் ஓடும் கொற்றலையாற்றின் ஓரமெல்லாம் வாழ்ந்திருக்கிறார்கள். நீங்கள் எடுக்கும் கல் அவர்களில் ஒருவர் செதுக்கிப் போட்டதாக இருக்கலாம்.

தோள் நாடாவுக்கு வருவோம். பழைய பாணிப் பைகளில் இரண்டு நாடாவும் மேலே நடுவில், ஒரே இடத்தில் சேர்ந்து தொடங்கும். கீழே இரண்டு மூலைகளுக்குப் பிரியும். குறுகலான தோள் உள்ளவர்களுக்கு இது வரப்பிரசாதம். தோள் அகன்ற ஆண்களை மனத்தில் வைத்துச் செய்த பைகளில் நாடா எனக்கு எப்போதும் வெளிப்பக்கமாகச் சரியும். நடுவிலிருந்து பிரியும் நாடா கழுத்தோரம் நிற்கிறது. ஆனால் முழுச் சுமையும் தொங்குவது அந்த ஒரு இடத்தில்தான் என்பதால், பையில் முதலில் பரிசோதிக்க வேண்டியதும் அந்த இடம்தான். வெறும் துணியில் தைத்திருந்தால் எவ்வளவு அழகான பையாக இருந்தாலும் வேண்டாம். துணிக்கு மேலேயோ உள்ளேயோ தோலோ இரண்டாவது துணியோ கொடுத்து, கட்டத் தையல் போட்டிருக்க வேண்டும். உள்ளே கையை விட்டுத் தடவினால் தெரியும்.

நாடாவின் அகலம் ஐந்து சென்டிமீட்டராவது இருக்கட்டும். முழுக்கத் தோலில் செய்த தோள்வார் புகைப்படத்தில் நன்றாக இருக்கும். நம் வியர்வைக்கு அது தாங்காது. உப்பு ஊறி, காய்ந்து, மறுபடி ஊறி, மடியும் இடத்தில் வெடிக்கும். தோளில் படும் பகுதி பருத்தி நாடாவாகவும், பக்கிளில் நுழையும் நுனி மட்டும் தோலாகவும் இருப்பதே நமக்குச் சரி. கம்பளி ஃபெல்ட் வைத்துத் தைத்த வெளிநாட்டு நாடாக்களும் உண்டு. சித்திரையில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க முடியாது.

நீளத்துக்கு ஒரு எளிய கணக்கு. தலையைக் குனிந்தால் பின்கழுத்தில் ஓர் எலும்பு முட்டிக்கொண்டு வரும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டத்துக்கு முதுகோடு அளந்துகொள்ளுங்கள். பையின் உயரம் அதற்குள் அடங்க வேண்டும். அதைத் தாண்டினால் உட்காரும்போதெல்லாம் பை தரையில் முட்டும், படி இறங்கும்போது பின்புறத்தில் இடிக்கும். கொள்ளளவுக்குக் கடைக்காரர் சொல்லும் லிட்டரை நம்ப வேண்டாம், டேப்பை எடுத்து அளந்துவிடலாம். உயரம், அகலம், ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். 42, 30, 16 என்றால் இருபது லிட்டர். ஒரு நாளுக்கு 18 முதல் 22 வரை தாராளம். இதில் அகலம்தான் முக்கியம். ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில் எட்டு சென்டிமீட்டர் குறுக்களவு இருக்கும்; மூன்றும் முதுகோரமாக வரிசையில் நிற்க 24 சென்டிமீட்டர் வேண்டும். தையலுக்கும் வளைவுக்கும் கொஞ்சம் விட வேண்டும் என்பதால், அகலம் 27-க்குக் குறைந்தால் ஒரு பாட்டில் முன்னால் தள்ளப்பட்டு, பை உங்களைப் பின்னால் இழுக்கத் தொடங்கிவிடும்.

அதனால் பை வாங்கப் போகும்போது நான் நிரப்பிய பாட்டில்களோடுதான் போவேன். இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். கடைக்காரர்கள் பையில் காகிதத்தைத் திணித்து உப்பலாக வைத்திருப்பார்கள்; அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்பதில் எதுவும் தெரியாது. கடைசியாகப் போன கடையில் காகிதத்தை எடுத்துவிட்டுப் பாட்டில்களை உள்ளே நிறுத்தியபோது அங்கிருந்த பையன் பதறினான்.

"மேடம், இதுல எவ்ளோ வேணாலும் வைக்கலாம். சும்மா மாட்டிப் பாருங்க போதும்."

"வச்சுத்தான் தம்பி தூக்கப் போறேன். மாடிப்படி ஏறி இறங்கிட்டு வந்துடறேன்."

கடை முதலாளி சிரித்துக்கொண்டே அனுமதித்தார். இரண்டு தடவை ஏறி இறங்குவதற்குள் அந்தப் பையின் இடப்பக்க நாடா பக்கிளில் நிற்காமல் வழுகிக்கொண்டே போவது தெரிந்துவிட்டது. முள் மாதிரிக் கம்பி வாரின் துளைக்குள் நுழைந்து நிற்கும் பக்கிளில் இந்தச் சிக்கல் வராது. நாடாவைக் கவ்வி நிறுத்தும் வகையில்தான் வரும், மலிவான வார்ப்பாக இருந்தால் நிச்சயமாக வரும்.

பக்கிள் பித்தளையாக இருக்க வேண்டும். இரும்பு என்றால் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் குடியிருப்பவர்கள் வீட்டில் ஒரு மழைக்காலம் தாங்காது. துரு துணியில் இறங்கி அந்த இடத்தையே அரித்துவிடும். காந்தம் வைத்துப் பார்த்தால் இரும்பு பிடிபடும். ஆனால் காந்தம் ஒட்டாததெல்லாம் பித்தளை ஆகிவிடாது. துத்தநாகக் கலவையில் வார்த்துப் பித்தளை நிறம் பூசியதும் ஒட்டாது; கல்லில் அடிபட்டால் அது பிஸ்கட்டாக உடையும். கண்ணுக்குத் தெரியாத உள்விளிம்பில் ஓர் ஊசியால் கீறிப் பாருங்கள், உள்ளேயும் மஞ்சளாக இருக்க வேண்டும். ஒருவேளை பக்கிள் மோசம், மற்றதெல்லாம் நன்று என்றால் கவலைப்படாமல் வாங்கலாம். பெரியமேட்டில் தோல் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பக்கிள், ரிவிட், வளையம், வாருக்கான தோல் என்று எல்லாம் அங்கே சில்லறையாகக் கிடைக்கும்.

தோலுக்கும் நாம் வெளியே தேட வேண்டியதில்லை. ஆம்பூரில் தோல் தொழிலில் இருக்கும் தோழி சொல்லித்தான் எனக்கு வித்தியாசம் தெரிந்தது. குரோமில் பதனிட்ட தோல் மிருதுவானது, ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும், ஆனால் இழுபடும். மூடி வார் இழுபட்டால் துளை நீளமாகி, இறுக்கம் நிற்காது. தாவரப் பட்டையில் பதனிட்ட தோல் கெட்டியானது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிடுவது தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் வேலை. ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று உலகச் சந்தையில் பெயர் வாங்கியது அது. வாருக்கு அதையே, அதுவும் மாட்டின் முதுகுப் பகுதித் தோலாகக் கேளுங்கள். வயிற்றுப் பகுதித் தோல் மெலிதாகவும் தளர்வாகவும் இருக்கும்.

மெழுகு ஏற்றிய கேன்வாஸ் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பாரஃபினும் தேன்மெழுகும் கலந்து துணியில் ஏற்றுவார்கள். குளிர்ந்த, மழை அதிகமான ஊர்களில் அருமையான பொருள். நம் வெயிலில் மெழுகு இளகும். நிறுத்தி வைத்த காருக்குள் அரை நாள் கிடந்த மெழுகுப் பையைத் தொட்டால் கை பிசுபிசுக்கும், வெளிர்ச் சட்டை போட்டு மாட்டினால் முதுகில் கறை விழும். மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் மட்டும் மெல்லிசாக மெழுகு தேய்த்து, இஸ்திரிப் பெட்டியின் இளஞ்சூட்டில் உள்ளே இறக்கிக்கொள்ளலாம். மழை விழுவது மூடியில், ஈரத்தில் உட்காருவது அடிப்பாகம். முதுகில் படும் பக்கத்துக்கு வேண்டவே வேண்டாம். அங்கே துணி மூச்சுவிடட்டும்.

கேன்வாஸின் குறையையும் சொல்ல வேண்டும். நல்ல மழையில் அது தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், உள்ளே இருப்பதும் நனையும், காய இரண்டு நாளாகும். நான் உள்ளே கெட்டியான ரப்பர்த் துணி உறை ஒன்றைப் போட்டு, அதற்குள் மாற்றுடையையும் போனையும் வைக்கிறேன். ஆனால் உண்மையான ஆபத்து மழையில் நனைவதில் இல்லை, நனைந்தபின் நாம் செய்வதில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பையை மடித்துப் பீரோவில் வைத்தால் பத்து நாளில் பூஞ்சை பூத்துவிடும். தோலில் பச்சையாக, துணியில் கருப்புப் புள்ளியாக. தோலில் துடைத்தால் போகும். துணியில் அந்தப் புள்ளி கடைசிவரை போகாது. எனவே வந்த அன்றே காலி செய்து, வெறும் தண்ணீரில் வியர்வை உப்பை அலசி, வாயைத் திறந்தபடி ஃபேனுக்குக் கீழே தொங்கவிட வேண்டும். சோப்புத் தூள் போடாதீர்கள். மழைக்காலம் முழுக்கப் பை ஆணியில் தொங்கட்டும், பீரோவுக்குள் போகக் கூடாது. செருப்புக்குப் பூசுவதுபோலத் தோல் வாருக்கு விளக்கெண்ணெய் துளி தொட்டுத் தேய்க்கலாம், வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும்.

அடுக்குவதில் ஒரே ஒரு விதிதான்: கனம் மேலேயும் முதுகை ஒட்டியும் இருக்க வேண்டும். இந்த வகைப் பையில் எல்லாம் அடியில் போய்ச் சேரப் பார்க்கும், சேர்ந்துவிட்டால் தோளைப் பிடித்துத் தொங்கும். அடியில் துண்டும் மாற்றுடையும், அதன்மேல் முதுகோரமாக நின்றபடி பாட்டில்கள், அவற்றுக்கு முன்னால் மஞ்சப்பையில் கட்டிய புளிசாத டப்பா. சாப்பிட்டு முடித்ததும் குப்பையெல்லாம் அதே மஞ்சப்பையில் திரும்பி வரும். குரங்கு நடமாடும் இடங்களில், செஞ்சியிலும் திருப்பதி அலிபிரிப் படிகளிலும், இந்தப் பக்கிள் மூடி வேறு விதத்தில் உதவுகிறது. ஜிப்பை இழுத்துத் திறந்து வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போன குரங்கை நானே பார்த்திருக்கிறேன். பக்கிள் வாரோடு மல்லுக்கட்டிய குரங்கு நேரமாகிறது என்று போய்விட்டது.

எடையில் கேன்வாஸ் தோற்கும், அதில் சந்தேகமில்லை. இதே இருபது லிட்டருக்கு நைலான் பை அரைக் கிலோவுக்குள் முடிந்துவிடும். கேன்வாஸும் தோலும் பித்தளையும் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டும். அந்த அரைக் கிலோ என்னைத் தொந்தரவு செய்ததில்லை. ஆனால் கழுத்து வலி, தோள் தேய்மானம் உள்ளவர்கள் இந்தப் பையை வாங்க வேண்டாம். சுமையை இடுப்புக்கு மாற்றும் பட்டை வைத்த புதிய பைதான் அவர்களுக்கு நல்லது. மலையில் இரவு தங்குகிறவர்களுக்கும் அப்படித்தான்.

மற்றவர்கள் ஆடி, ஆவணியிலேயே வாங்கிவிடுங்கள். அப்போதுதான் மழைக்கு முன்னால் ஒன்றிரண்டு வாரம் தண்ணீர் பாட்டில்களோடு கடற்கரையில் நடந்து பார்த்து, எந்தத் துளையில் வார் நிற்கிறது, எங்கே உரசுகிறது என்று தெரிந்துகொள்ள முடியும். துளை போதவில்லை என்றால் தெருமுனையில் புதிதாக ஒன்று குத்தி வாங்கலாம். அதே உட்காரலில் இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். பழைய பாணிப் பைகளில் பெரும்பாலும் நெஞ்சுக்குக் குறுக்கே நாடா இருக்காது. ஒரு சாண் பருத்தி நாடாவும் ஒரு சின்னப் பக்கிளும் கொடுத்தால் இரண்டு தோள் நாடாவையும் இணைத்துத் தைத்துத் தருவார். பருவதமலைக்குப் போகிறவர்களுக்கு அது கட்டாயம். பாறையில் அடித்த கடப்பாரைகளைப் பிடித்து ஏறும் கடப்பாரைப் பாதையில் இரண்டு கையும் கம்பியில் இருக்கும், தோளிலிருந்து சரியும் பையை இழுத்துவிட அங்கே மூன்றாவது கை கிடையாது.